வெளியே எடுத்தால் கெட்டுப்போகும்

நான் வேலை பார்த்த மருத்துவமனையில் மருந்துக் கிடங்குக்கு மட்டும் பதினேழு விதிகள் இருந்தன. பதினேழையும் எழுதித் தட்டச்சு செய்தவன் நான்தான். ஏற்காட்டு எஸ்டேட்காரர்கள் சிலர் சேர்ந்து அறக்கட்டளை வைத்து நடத்திய சிறிய மருத்துவமனை. ஒண்டிக்கடை முக்கிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். இருபது படுக்கை, ஒரு டாக்டரம்மா, மூன்று நர்சுகள், நான். நிர்வாகக் குழு மாதம் ஒரு முறை கூடும். வருகிறவர்கள் மழையைப் பற்றிப் பேசுவார்கள், காப்பி குடிப்பார்கள், நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் ஏறுவார்கள். விதிகளைப் படித்துப் பார்த்தவர் எவரும் இல்லை. படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால் எழுதியவன்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

என் பதவியின் பெயர் பார்மசிஸ்ட். அதற்கு முன் வேதியியலில் ஒரு பட்டமும் வாங்கியிருந்தேன். மலையில் எல்லாருக்கும் நான் கம்பவுண்டர். முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன். பார்மசிஸ்ட் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தால், "சரிங்க கம்பவுண்டரய்யா" என்று பணிவாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். விட்டுவிட்டேன்.

பதினொன்றாம் விதி இது: ஊசி மருந்து எதையும் நோயாளி கையிலோ உறவினர் கையிலோ கொடுத்தனுப்பக்கூடாது. இதற்குக் காரணம் இருந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் பென்சிலினை வீட்டுக்கு எடுத்துப் போய், தெரிந்தவர் ஒருவரை விட்டுப் போட்டுக்கொண்டு, தொடையில் சீழ் பிடித்து ஒன்றரை மாதம் எங்களிடமே படுத்துக் கிடந்தார். அவரை அனுப்பிவைத்த அன்று மாலையே இந்த விதியைத் தட்டச்சு செய்தேன். காரணத்தைச் சொல்லாமல் விட்டால் என்னை முட்டாள் என்று நினைப்பீர்கள். முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு இப்போது எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அவள் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். இருபத்து மூன்று வயது இருக்கும். மலையின் பின்பக்கச் சரிவில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் இறங்கினால் வரும் ஊர். சாமையும் கேழ்வரகும், மேட்டில் கொஞ்சம் காப்பிச் செடியும் வைத்திருந்த குடும்பம். அதற்கு முன் இரண்டு பிரசவம். இரண்டும் ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டன, இரண்டு குழந்தையும் தங்கவில்லை. மூன்றாவது முறை நான்காம் மாதத்திலேயே, யாரும் அனுப்பாமல், தானாக டாக்டரம்மாவைத் தேடி வந்தாள். அந்த நாளில் அதுவே பெரிய காரியம்.

டாக்டரம்மா ஒரு ஹார்மோன் ஊசியை எழுதினார். வாரம் ஒன்று, பதினாறாம் வாரம் தொடங்கி முப்பத்தாறாம் வாரம் வரை. எங்கள் பட்டியலில் இல்லாத மருந்து. பட்டியலில் இல்லாததை வரவழைக்க ஏழாம் விதி, எட்டாம் விதி, குழுவின் ஒப்புதல் எல்லாம் உண்டு. அதையெல்லாம் முறையாக முடித்து வரவழைத்தேன் என்று இன்றும் சொல்லிக்கொள்ளலாம். சேலத்து மருந்துக்கடைக்காரர் கொடுத்தனுப்ப, காலை பஸ் கண்டக்டர் அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி என் ஜன்னலில் வந்து கொடுப்பார். சாதாரண அட்டைப்பெட்டி. அவருடைய தோல்பையில், டிக்கெட் கட்டுகளோடு குலுங்கி வரும். இந்த அட்டைப்பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இது என்ன செய்யும் டாக்டர்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். தெரிந்தாலும் அவர் வாயால் கேட்பது பிடிக்கும்.

"தாய் உடம்புக்குக் குழந்தை பாதி அந்நிய ஆள், சார். பாதி அப்பாவோடது இல்லையா? நியாயப்படி நம்ம எதிர்ப்பு சக்தி அதை வெளிய தள்ளணும். இந்த ஹார்மோன்தான் அந்தக் காவல்காரங்களை 'சும்மா இருங்கப்பா, நம்ம ஆளுதான்'னு உக்கார வெக்குதுன்னு சொல்றாங்க. கர்ப்பப்பையும் நேரத்துக்கு முன்னாடி இறுகாம பாத்துக்குது. இந்தப் பொண்ணுக்கு அது போதலையோ என்னமோ. நாம வெளியிலேருந்து கொஞ்சம் கொடுத்துப் பாப்போம்."

"அதாவது கேட் பாஸ்."

"உங்களுக்குப் புரியற பாஷையில சொன்னா, ஆமா, கேட் பாஸ்" என்று சிரித்தார்.

எண்ணெயில் கலந்த மருந்து. தேன் மாதிரி கெட்டி. ஆம்பூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கினால்தான் கண்ணாடி சிரிஞ்சில் ஏறும். தடித்த ஊசி, இடுப்புக்குக் கீழே ஆழமாகப் போட வேண்டும். போட்ட இடம் இரண்டு நாளைக்குக் கட்டிக்கொண்டு வலிக்கும். வலியைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வியாழக்கிழமைதோறும் ஊசி போட்டுக்கொண்டு, லேசாகக் காலை இழுத்துக்கொண்டே என் ஜன்னலுக்கு வந்து சீட்டை நீட்டுவாள்.

"இன்னும் எத்தன வியாழக்கெழமைங்க?"

"பதினாறு."

"நேத்து கனவுல பன்னெண்டுன்னு சொன்னீங்களே."

"கனவுல சொன்னதுக்கெல்லாம் ஆஸ்பத்திரி பொறுப்பில்லம்மா."

அவள் சிரிப்பாள். வரிசையில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். என் நகைச்சுவைக்கு அந்த ஜன்னலில் நல்ல பெயர் இருந்தது. நோயாளிகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள், மருந்து என் கையில் அல்லவா இருந்தது.

பத்து ஊசி முடிந்த அன்று, இன்னும் எத்தனை என்று கேட்கவில்லை.

"ஏனுங்க கம்பவுண்டரய்யா, எங்கூர்ல மாரியாத்தா நோம்பி சாட்டியாச்சுங்க. வர்ற செவ்வாக்கெழம காப்பு கட்டறாங்க. கட்டிப்போட்டா பதினஞ்சு நாளைக்கு ஊரு எல்லைய தாண்டக்கூடாதுங்க."

"சரி, அதுக்கு?"

"நடுவுல ரெண்டு வியாழக்கெழம வருதுங்க. அந்த ரெண்டு ஊசியையும் கையில குடுத்தீங்கன்னா எங்கூருக்கு வர்ற கவர்மெண்டு நர்ஸம்மா போட்டுடறேன்னு சொல்லிருச்சுங்க. அவிங்க வெளியூரு. பகல்ல வந்துட்டுப் போறவிங்களுக்குத் தடையில்லீங்க. பூசாரிகிட்டயே கேட்டுப்போட்டேன்."

எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டு வந்திருந்தாள். இன்று யோசித்தால் அதுதான் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏற்பாடு செய்வது என் வேலை.

"ஏம்மா, உன் வயித்துல புள்ள இருக்கறது மாரியாத்தாளுக்குத் தெரியாதா? தெரிஞ்சா அவளே பஸ் ஏத்தி அனுப்புவாளே."

"ஆத்தாளுக்குத் தெரியுமுங்க. ஊர்க்காரங்களுக்குத் தெரியோணுமில்லீங்க."

வரிசையில் இந்த முறை அவள் பேச்சுக்குத்தான் சிரித்தார்கள்.

"ஊசி மருந்தைக் கையில குடுக்கக்கூடாது" என்றேன்.

"ஏனுங்க?"

பதினொன்றாம் விதியை விளக்கியிருக்கலாம். ரைட்டரின் தொடையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால், நர்ஸம்மா படித்தவர்தானே என்பாள், அது சரியான பதில். பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். மலை ஜனங்களுக்கு நான் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு சுருக்கமான காரணம் உண்டு. சொட்டு மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவருவதை எல்லாரும் பார்த்திருந்தார்கள், அதனால் கேட்டவுடன் நம்புவார்கள்.

"வெளியே எடுத்தா கெட்டுப்போகும்மா."

அந்த மருந்துக்கு ஐஸ் வேண்டாம். என் கிடங்கில் அது ஜன்னலோரத் தட்டில், இருமல் மருந்துக்குப் பக்கத்தில் இருந்தது. மலையின் குளிரில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

"அப்படீங்களா" என்று யோசித்தாள். "அப்பச் சரிங்க. கெட்டுப்போனதப் புள்ளைக்குக் குடுக்கக்கூடாதில்லீங்க."

சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை மாலை டாக்டரம்மா என் அறைக்கு வந்தார். "நம்ம ஊசிப் பொண்ணு இன்னிக்கு வரலையே?"

"அவங்க ஊர்ல நோம்பியாம். காப்பு கட்டிட்டாங்களாம். எல்லை தாண்டக்கூடாதாம்."

"அட கடவுளே" என்று நெற்றியில் கை வைத்தார். "இந்த ஜனங்களை வெச்சுக்கிட்டு என்னதான் பண்றது?"

நானும் அவரோடு சேர்ந்து தலையை ஆட்டினேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் கேட்டதையும் நான் மறுத்ததையும் சொல்லவில்லை, அவ்வளவே. கோப்பு எழுதிப் பழகியவனுக்கு எதைச் சொல்லாமல் விடுவது என்பது கைவந்த கலை.

இரண்டாவது வியாழக்கிழமை காலை அவளுடைய அண்ணன் வந்தான். அவன் பிறந்த ஊரிலேயே இருந்தவன், ஒரு எஸ்டேட்டில் கூலி வேலை. தங்கை புகுந்த ஊரின் காப்பு அவனைக் கட்டுப்படுத்தாது. கையில் அகன்ற வாய் வைத்த ஒரு பிளாஸ்க். அந்தக் காலத்தில் பங்களாக்களில் மட்டும் இருக்கும் சாமான். எஸ்டேட் சமையல்காரரிடம் கெஞ்சி இரவல் வாங்கியதாம். ஏரிக்கரையில் கூல்டிரிங்க்ஸ் விற்கும் பாய் கடையில் ஐஸ் கட்டி உடைத்து வாங்கி அதில் நிரப்பியிருந்தான். என் ஜன்னல் கட்டையில் வைத்து மூடியைத் திறந்து காட்டினான்.

"வெளிய எடுத்தா கெட்டுப்போவும்னு சொன்னீங்களாமா. அதனால ஐஸு போட்டு எடுத்தாந்திருக்கறனுங்க. இதுல வெச்சா கெடாதில்லீங்க? மத்தியானத்துக்குள்ள ஊருல சேத்துப்போடுவேன். நர்ஸம்மா வெயிட்டு பண்ணுது."

நாற்பது வருடமாகிறது. அந்த ஐஸ் கட்டிகளை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மரத்தூள் ஒட்டியிருந்தது. நான் சொன்ன பொய்க்கு அவர்கள் ஒரு தீர்வு கண்டுபிடித்து, மலையேறி, என் முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

அப்போது கொடுத்திருக்கலாம். "ஆமாப்பா, ஐஸ் இருந்தா சரி" என்று சொன்னால் என் பொய்யும் காப்பாற்றப்பட்டிருக்கும், ஊசியும் போயிருக்கும். என்னைக் கேட்க மேலே யாரும் இல்லை, விதியே என்னுடையது. ஆனால் ஒரு கூலியாள் என் காரணத்தை ஒரு பிளாஸ்க்கில் அடைத்துவிட்டான் என்ற எரிச்சல் முதலில் வந்தது.

"அது மட்டும் இல்லப்பா. விதி இருக்கு. டாக்டரம்மா எழுதிக் குடுத்தாத்தான் குடுக்க முடியும். அவங்க ஒரு கேஸைக் கூட்டிட்டு சேலம் போயிருக்காங்க."

"எப்பங்க வருவாங்க?"

"மத்தியானம் வரலாம்."

அவன் வெளியே பலாமரத்தடியில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வப்போது மூடியைத் திறந்து பார்த்தான். ஒரு மணி வாக்கில் ஜன்னலுக்கு வந்தான்.

"ஐஸு பாதி தண்ணியாயிருச்சுங்க. இனிமே வாங்கிக்கிட்டாலும் ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள கெட்டுப்போயிரும் இல்லீங்களா?"

"ஆமா" என்றேன்.

தண்ணீரை மரத்தடியில் கவிழ்த்துவிட்டுப் போனான். டாக்டரம்மா மறுநாள் காலையில்தான் வந்தார். வெள்ளிக்கிழமை முழுதும் இருந்தார், சனிக்கிழமையும் இருந்தார். நான் அவரிடம் சொல்லியிருந்தால் யாரையாவது ஜீப்பில் அனுப்பியிருப்பார், அல்லது அவரே போயிருப்பார். சொல்லவில்லை. சொன்னால் பிளாஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளாஸ்க்கைப் பற்றிச் சொன்னால், "ஐஸ் எதுக்கு சார் இதுக்கு?" என்று கேட்பார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவளைக் கொண்டுவந்தார்கள். கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி ரோடு வரைக்கும் தூக்கி, அங்கிருந்து ஒரு எஸ்டேட் ஜீப்பில். அவளுடைய வீட்டுக்காரர், அண்ணன், இன்னும் நான்கு பேர். அவள் கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே எடுத்துப் போனார்கள். கணக்கின்படி காப்பு அவிழ்க்க இன்னும் நாள் இருந்தது. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏம்ப்பா, எல்லை தாண்டக்கூடாதுன்னீங்க, இப்ப காப்பு என்னாச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "பூசாரியே வந்து அவுத்துட்டாருங்க. தூக்கிட்டு வந்த எங்க மச்சானுக்கு, இவிங்களுக்கு, எல்லாத்துக்கும். உசுருன்னு வந்தா ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா, மொதல்ல தூக்கிட்டு ஓடுங்கடான்னு அவருதான் தொரத்துனாரு."

மந்தையில் கூட்டம் கூட்டவில்லை, யார் கையெழுத்தும் வாங்கவில்லை. நான் பதினைந்து நாளாகக் கேலி செய்துகொண்டிருந்த கட்டுப்பாட்டை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவர் ஒரு நிமிடத்தில் அவிழ்த்துவிட்டார்.

டாக்டரம்மா வலியை நிறுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்கு ஒரு ஊசியும் போட்டார். "அது வேலை செய்ய ஒரு நாள் வேணும். ஒரே ஒரு நாள் நிறுத்திட்டா போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாலை நான்கு மணிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. ஆண். ஒரு கிலோகூட இல்லை. எங்களிடம் இருந்தது பஞ்சும் வெந்நீர்ப் பைகளும்தான். நர்ஸ் ஓடிவந்து பஞ்சு கேட்டபோது சரக்கு கேட்டு எழுதித் தர வேண்டிய இண்டெண்ட் சீட்டு கேட்காமல் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் அது முதல் முறை. ஒரு சுருள் பஞ்சு.

மறுநாள் காலை சேலம் கொண்டுபோக வண்டி தயாரானபோது குழந்தை இல்லை.

நான்கு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போகும்போது சத்து மாத்திரை வாங்க என் ஜன்னலுக்கு வந்தாள். வரிசை இல்லை. நான் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேல் மெதுவாக எண்ணினேன்.

"நீங்க அப்பவே சொன்னீங்க" என்றாள். "இங்க வந்து போட்டுக்கோணும்னு. நாந்தான் காப்பு கீப்புன்னு கெடந்துட்டேன். உங்க பேச்சக் கேக்காமப் போயிட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"பரவாயில்ல. இனிமேலாவது ஜாக்கிரதையா இரு."

அந்த இரண்டு ஆம்பூல்களும் என் தட்டில் மிஞ்சி நின்றன. வேறு யாருக்கும் எழுதப்படவில்லை. அடுத்த வருடம் காலாவதி ஆயின. காலாவதி மருந்தை அழிப்பது பதினான்காம் விதி: இரண்டு சாட்சி வைத்து, உடைத்து, குழியில் ஊற்றி, பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். உடைத்தேன். எண்ணெய் மெதுவாக மண்ணில் இறங்கியது. காரணம் என்ற கட்டத்தில் "நோயாளி வராததால்" என்று எழுதினேன். சாட்சிகள் இருவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து, செய்தித்தாளில் ஒரு மூலையில் படித்தேன். அதே ஊசியால் குறைப்பிரசவம் தடுக்கப்படுவதாகத் தெரியவில்லை என்று வெளிநாட்டில் திரும்பப் பெற்றுக்கொண்டார்களாம். இரண்டு முறை படித்தேன். அந்தக் காலை காப்பி நன்றாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஊசி போயிருந்தாலும் குழந்தை தங்கியிருக்காது, நான் விடுதலை. பத்து நிமிடம் அந்தத் தீர்ப்போடு சுகமாக உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தப் பலாமரத்தடி நினைவுக்கு வந்தது. இந்தச் செய்தி அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்த மருந்துதான் குழந்தையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று டாக்டரம்மா நம்பினார், அவள் நம்பினாள், நானும் நம்பினேன். நம்பிக்கொண்டேதான் கொடுக்க மறுத்தேன். பின்னால் வந்த ஆராய்ச்சி என்னை எங்கே காப்பாற்றும்?

அந்தக் குழந்தை போய் இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடி வந்திருந்தாள். மறுபடி அதே ஊசி, அதே வியாழக்கிழமை. இந்த முறையும் நடுவில் நோம்பி வந்தது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறந்த ஊருக்கே போய் இருந்துவிடப் போவதாக நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னும் தூரம். அன்று மதியம் பதினொன்றாம் விதிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: தகுதி பெற்ற செவிலியர் ஊசி போடும் இடத்தில், பார்மசிஸ்ட் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். தட்டச்சு செய்ய நான்கு நிமிடம் ஆனது. குழு வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டது. அந்த நான்கு நிமிடத்தை இரண்டு வருடம் முன்பு செலவழித்திருக்கலாம்.

அவளைப் புகுந்த ஊரிலேயே இருக்கச் சொல்லி நர்சிடம் சொல்லியனுப்பிவிட்டு, அந்த இரண்டு வியாழக்கிழமையும் அங்கே நானே போனேன். ஒன்றரை மணி நேர இறக்கம். ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. பகலில் வந்து போகிறவன் என்பதால் யாரும் தடுக்கவில்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்தார்கள். ஆம்பூலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நர்ஸம்மாவிடம் நீட்டினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, சட்டப் பையில போட்டு எடுத்தாந்திருக்கறீங்க. கெட்டுப்போவாதுங்களா?"

"இது புது மருந்தும்மா. வெளியே எடுத்தா ஒண்ணும் ஆகாது."

"நல்லதாப் போச்சுங்க" என்றாள். "இது முன்னாடியே வந்திருந்தா..." சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். நர்ஸம்மா என்னை ஒரு முறை பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். ஆம்பூலை உள்ளங்கையில் உருட்டத் தொடங்கினார். ஏறி வரும்போது மூச்சு வாங்கியது. வயதுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

பெண் குழந்தை, ஒன்பது மாதம் முடிந்து, நல்ல எடையோடு பிறந்தது.

அதன் பிறகு வருடம் தவறாமல் ஆரஞ்சுப் பருவத்தில் ஒரு மஞ்சள் துணிப்பை நிறையப் பழம் கொண்டுவருவாள். நான் கூடையில் கொட்டிக்கொண்டு பையைத் திருப்பித் தரும்வரை ஜன்னலில் நிற்பாள். பையை உதறி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவாள். "இது எங்கூட்டுக்கு ஒரே பைங்க" என்பாள். அந்தப் பழத்தை என் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

பழம் கொண்டுவரும் நாளில் அவள் சும்மா போகமாட்டாள். வரிசையில் நிற்கும் கர்ப்பிணிகளிடம் பேசுவாள். மருந்துத் தட்டுகளுக்குப் பின்னால் எனக்கு எல்லாம் கேட்கும்.

"கண்ணு, நோம்பி, விருந்துன்னு சொல்லி ஒரு ஊசியக்கூட உட்றாத. நான் அப்படித்தான் ஒரு பையனத் தொலச்சேன். கம்பவுண்டரய்யா எம்புட்டோ சொன்னாரு. நாங்கேக்கல."

வருடம் போகப் போக அந்தக் கதையில் நான் வளர்ந்தேன். முதலில் நான் சொன்னேன். பிறகு கெஞ்சினேன். கடைசியில் தலையிலடித்துக்கொண்டு அழுதேன். அவள் ஊரிலிருந்து கர்ப்பிணிகள் நாள் தவறாமல் வரத் தொடங்கினார்கள். டாக்டரம்மா அசந்துபோனார். "இந்தப் பொண்ணு ஒருத்தி, நாம போடற கேம்ப் எல்லாத்துக்கும் சமம்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இப்போது ஒரு பொதுநலக் காரணமும் கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் இந்த நல்லது கெடும் என்று எனக்கு நானே விளக்கம் எழுதிக்கொண்டேன். காரணம் எழுதுவதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஓய்வு பெற்றேன். கடைசி வாரம் முழுக்கப் பொறுப்பு ஒப்படைப்பு. பீரோ, தராசு, சாவிக்கொத்து, சிரிஞ்சுகள் என்று ஒவ்வொன்றையும் எனக்குப் பின் வந்தவருக்குக் காட்டி, டிக் போட்டு, கையெழுத்து வாங்கினேன். நாற்பது பக்கப் பட்டியல். மூன்றாம் நாள் ஜன்னலில் அவள் நின்றாள், மஞ்சள் பையோடு. கூட மகள். பள்ளிச் சீருடையில், பத்து பன்னிரண்டு வயது.

"நீங்க போறீங்கன்னு சொன்னாங்க. ஆரஞ்சு இன்னும் வரலீங்க, கொய்யாதான் இருந்துச்சு" என்றாள். மகளிடம் திரும்பி, "சாமி, இவருதான் உனக்கு ஊசி எடுத்துக்கிட்டு நம்மூருக்கே நடந்து வந்தவரு. கும்பிட்டுக்க" என்றாள். அந்தப் பெண் வெட்கத்தோடு கும்பிட்டுவிட்டு, பஸ் வந்துவிட்டதா என்று பார்க்க கேட் பக்கம் ஓடினாள்.

அன்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இனி அந்த ஜன்னலில் நிற்கப்போவதில்லை, அவ்வளவுதான் துணிச்சல்.

"அம்மா, அந்த ஊசி மருந்து... வெளியே எடுத்தா கெட்டுப்போகாது."

"ஆமாங்க, அது புது மருந்தாச்சே."

"புது மருந்து இல்லம்மா. ரெண்டு தடவையும் ஒரே மருந்துதான். அப்பவும் கெட்டுப்போகாது. ஐஸும் வேண்டியதில்ல. நான் உங்கிட்ட பொய் சொன்னேன்."

பையிலிருந்து கொய்யாவை எடுத்துக் கட்டையில் வைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்ப எங்கண்ணன் வந்தப்ப..."

"குடுத்திருக்கலாம்."

என் முகத்தைப் பார்த்தாள். நான் தயாராக வைத்திருந்த விளக்கங்கள் எல்லாம், ரைட்டரின் தொடை உட்பட, வரிசையாக நின்றன.

"அப்ப ஏனுங்க குடுக்கல?"

சத்தமில்லாமல்தான் கேட்டாள். பதினைந்து வருடம் முன்பு இதே ஜன்னலில் "ஏனுங்க" என்று கேட்டவள். அன்றைக்கு ஒரு பதில் சட்டென்று வந்தது. இன்றைக்குக் கட்டையில் இருந்த கொய்யாவை எண்ணத் தொடங்கினேன்.

கேட்டிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, பஸ்ஸு வந்துருச்சு!"

அவள் திரும்பி நடந்தாள். ஊசி போட்டுக்கொண்ட நாட்களில் நடந்த மாதிரியே மெதுவாக. பஸ் ஹாரன் அடித்தது. அவளுக்காக நின்று, ஏற்றிக்கொண்டு போனது. எனக்குப் பின் வந்த பையன் பட்டியலோடு பக்கத்தில் வந்து, "சார், அடுத்து என்ன?" என்று கேட்டான்.

கட்டையில் நாலைந்து கொய்யாவும், பாதி நிறைந்த மஞ்சள் பையும் இருந்தன. அடுத்த பஸ்ஸில் யாரையாவது அனுப்பிப் பையைக் கேட்பாள் என்று மாலை வரை ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். வீட்டுக்கு ஒரே பை என்பாளே. கடைசி நாள் வரை எதிர்பார்த்தேன். யாரும் வரவில்லை. பை இப்போது என் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறது. வீட்டில் யாராவது கடைக்குப் போக அதை எடுத்தால், வேறு பையைக் கொடுத்துவிட்டு வாங்கி மாட்டிவிடுகிறேன்.